ஃபியூஸ் போச்சா? பெரிசா மாத்தாதீங்க

இந்த வார எபிசோடில் சர்வர் ரூம் பவர் பத்திப் பேசினோம். இங்கே வீட்டு விஷயம்: இங்கிலாந்து பிளக்குக்குள் இருக்கிற சின்ன ஃபியூஸ்.

ஊர்ல பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. இங்கே 1947-ல் வந்த பிஎஸ் 1363 தரத்திலிருந்தே உண்டு. காரணம் எளிது. பல வீடுகளில் சாக்கெட்டுகள் ஒரே வளையமாக ஓடும். அதன் பிரேக்கர் 32 ஆம்ப். டேபிள் லாம்ப் வயர் அதில் பாதியைக்கூடத் தாங்காது. பிரேக்கர் ட்ரிப் ஆவதற்குள் வயர் சூடாகி உருகிவிடலாம். ஆக, பிளக் ஃபியூஸ் முக்கியமாகக் காப்பது வயரை, லாம்ப்பை இல்லை.

இதனால்தான், "3 போனா 13 போடு, அப்புறம் போகவே போகாது" என்கிற யோசனை எனக்குப் பிடிக்கவே இல்லை. அலர்ட் வருதேன்னு லிமிட்டை ஏத்தி வைக்கிற வேலை அது. அலர்ட் நிற்கும், கோளாறு அப்படியே இருக்கும். வயரும் அதே மெல்லிய வயர்தான்.

கணக்கும் சுலபம். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்ப். சுமார் 700 வாட் வரை பெரும்பாலும் 3 போதும். 3000 வாட் கெட்டிலுக்கு 13 வேணும். சந்தேகம் இருந்தா, சாதனத்தோட வந்த குறிப்பில் உள்ள எண்ணையே போடுங்க. பிளக்கைக் கழற்றிய பிறகுதான் ஃபியூஸை மாத்தணும். புது ஃபியூஸும் போச்சுன்னா சாதனத்தையோ வயரையோ பார்க்கணும். மூணாவது ஃபியூஸ் தேடக் கூடாது.

இன்னொன்று, ஊர்ல இருந்து வந்த கிரைண்டர். எர்த் ஓட்டையில் பேனாவைச் செருகி, உருண்டை பின்னைத் திணிக்கிற வித்தை நம்மில் பலருக்குத் தெரியும். பாத்ரூம் வரைக்கும் பாதுகாப்பு பார்க்கிற நாம, இதில் மட்டும் ஏன் இவ்வளவு தைரியம்? குழந்தைகளுக்காக வைத்த மூடியை நாமே திறக்கிறோம். ஃபியூஸும் இல்லை, எர்த்தும் இல்லை. கிரைண்டர் வயருக்கும் 32 ஆம்ப் பிரேக்கருக்கும் நடுவில் காவலே கிடையாது.

ஃபியூஸும் எர்த்தும் உள்ள சரியான அடாப்டர் வாங்குங்க. இல்லைன்னா எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இந்த ஊர் பிளக் மாட்டுங்க. இட்லி மாவு ஒரு நாள் தாமதமாகலாம், தப்பில்லை.