பெட்டியில் எழுதாத பெயர்கள்

உலோகத்தில் வார்த்த சிறிய போர் விமானங்களைச் சேகரிக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. அவற்றுள் பலரும் விரும்புவது ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 262. 1944-இல் போரில் இறங்கிய முதல் ஜெட் சண்டை விமானம் அது. ஏறத்தாழ பன்னிரண்டரை மீட்டர் அகன்ற அதன் இறக்கைகள், எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, பதினேழு சென்டிமீட்டர் அளவில் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கின்றன. பெட்டியின்மேல் விமானியின் பெயர், படைப்பிரிவு, ஆண்டு. கேட்டால், "இது வரலாறு" என்கின்றனர்.

வரலாறுதானா?

ஆஸ்திரியாவில் மவுத்தாவுசன் வதைமுகாமின் கிளையாக இருந்தது குசன். நேசநாடுகளின் குண்டுவீச்சுக்கு அஞ்சி விமானத் தொழிற்சாலைகள் நிலத்தடிக்குச் சென்ற காலம் அது. 1944 முதல் குசன் கைதிகள் அருகிலிருந்த சாங்க்ட் கேயோர்கன் ஊரின் மண்ணைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்தனர். அச்சுரங்கங்களில் இதே விமானத்தின் உடற்பகுதிகளைச் செய்ய வைக்கப்பட்டனர். பசியாலும் அடியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1945 மே 5-ஆம் நாள் அமெரிக்கப் படை வந்தபோதுதான் எஞ்சியோர்க்கு விடுதலை கிட்டியது. ஓட்டியவரின் பெயருக்கு இடமுள்ள பெட்டியில், உருவாக்கியவர்களைப் பற்றி ஒரு வரிக்கும் இடமில்லையா?

"பொம்மைதானே, சாமி! இதற்கு ஏன் இத்தனை சினம்?" என்பீர்கள். பறக்கும் ஆசை குற்றமன்று. கைத்திறனை வியப்பதும் குற்றமன்று. ஆனால் ஒரு திருகாணியும் பிசகாமல், வண்ணத்தின் சாயலும் மாறாமல் உண்மை வேண்டும் என்று வாதிடுவோர், மனிதர் என்றதும் மட்டும் உண்மையைக் கைவிடுவது ஏன்?

சில மாதிரிகளில் வாலிலிருந்த சுவஸ்திகா அடையாளத்தை நீக்கிவிடுகின்றனர். அதற்குச் சட்டமும் காரணம், சந்தையும் காரணம். ஆயினும் பாவத்தை மறைப்பது வேறு, அறிக்கையிடுவது வேறு. அடையாளம் போனபின் எஞ்சுவது குற்றமற்ற ஓர் அழகு. அடையாளத்தைக் காட்டிலும் ஆபத்தானது அந்த அழகே.

அதே குசனில் வேறொரு சேகரிப்பும் இருந்தது. முகாமுக்கு இருப்புப்பாதை போடத் தோண்டியபோது தொல்பொருள்கள் கிடைத்தன. அவற்றைக் காக்கும் பொறுப்பு, கைதியாயிருந்த அருட்பணியாளர் யோகான் குரூபருக்குத் தரப்பட்டது. அப்பணியால் கிடைத்த வெளித்தொடர்புகளைக் கொண்டு அவர் இரகசியமாக உணவு திரட்டினார். பசித்த இளங்கைதிகளுக்குச் சூப்பாக ஊட்டினார். விமான உற்பத்தி முழுவீச்சில் தொடங்குமுன்பே, 1944 ஏப்ரல் 7, புனித வெள்ளியன்று, அவர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்.

பழம்பொருள்களின் காவலராயிருந்தும் அவர் கண்கள் மனிதரை விட்டு அகலவில்லை. நம் சேகரிப்பாளர்களின் கண்களோ பொருளில் தொடங்கிப் பொருளிலேயே முடிகின்றன.

பேழைகளை உடைக்கச் சொல்லவில்லை. தயாரிப்போர் பெட்டியில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'இவ்விமானத்தின் உடலைக் குசன் முகாமின் கைதிகளும் செய்தனர்.' அவர்கள் மறுத்தால், வாங்குவோர் தம் கையாலேயே எழுதி ஒட்டட்டும். நம் வீட்டுப் பிள்ளை இப்படியொரு பொம்மையைக் கேட்டால், இக்கதையையும் சேர்த்தே கொடுப்போம். கதையைக் கேட்டபின்னும் அது வேண்டுமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.