நரியைப் பரியாக்குதல்

ஆவுடையார்கோவிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது கொடுங்கைகளை. மரச்சட்டங்களையும் அவற்றை இணைக்கும் ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல், மரமாக நடிக்கிறது. ஆனால் இந்தக் கல் மரத்தைவிட உடம்புக்கு நல்லது, பூமிக்கு நல்லது என்று எந்தச் சிற்பியும் விளம்பரம் செய்ததில்லை.

சென்ற தை மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவருடன் அங்கே போயிருந்தேன். மதியச் சாப்பாடு அத்தை வீட்டில். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆட்டுக்கறிக் குழம்பு. நண்பர் அதை மறுத்துவிட்டு மாற்று இறைச்சி பற்றி அரைமணி நேரம் பேசினார். உயிரணுக்களிலிருந்து தொட்டியில் வளர்த்த கோழிக்கறியை விற்க உலகிலேயே முதலில் அனுமதித்தது சிங்கப்பூர்தான், 2020 டிசம்பரில். அது இன்னும் அரிய பண்டம். ஆனால் தாவரப் புரதத்தில் செய்த இறைச்சி இப்போதே கடைகளில் கிடைக்கிறது, உடலுக்கும் உலகுக்கும் அதுவே நல்லது என்றார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதுக்குப் பதிலா தம்பி அதைச் சாப்பிடணும்?"

"கறிக்குப் பதிலாத்தான் அத்தை" என்றார் நண்பர். எந்தக் கறி, யாருடைய தட்டில் என்பதுதான் கேள்வி என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த விவாதம் முழுவதிலும் விடுபட்டுப்போவது அதுவே என்பது என் கட்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர்க்கொலை கூடாது என்று இறைச்சியை விடுகிறவரோடு எனக்கு விவாதம் இல்லை. அது அறம் சார்ந்த முடிவு. அதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஆரோக்கியம், சூழலியல் என்று இரண்டு பொன்னாடைகளைப் போர்த்தி ஒரு சரக்கைச் சந்தைக்கு அனுப்புகிறவர்களோடுதான் என் சச்சரவு.

*

சூழலியலை எடுத்துக்கொள்வோம். இவ்விஷயத்தில் அதிகம் சுட்டப்படுவது பூர், நெமெசெக் இருவரும் 2018ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. நூறு கிராம் புரதத்திற்காக வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் உலகச் சராசரியை அது கணக்கிட்டது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் 50 கிலோ, ஆட்டில் 20, கோழியில் 6க்குச் சற்றுக் குறைவு, சோயாவிலிருந்து செய்யும் டோஃபுவில் 2, பட்டாணியில் அரைக் கிலோகூட இல்லை. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. தினமும் மாட்டிறைச்சி பர்கர் தின்னும் அமெரிக்கர் பட்டாணிப் புரதத்துக்கு மாறினால் பூமிக்கு ஐயமின்றி நன்மைதான். ஆனால் சராசரி அமெரிக்கருக்கு ஆண்டுக்கு நூறு கிலோவுக்கும் மேல் இறைச்சி கிடைக்கிறது. சராசரி இந்தியருக்கு ஐந்தாறு கிலோ. நூறு கிலோக்காரருக்கு எழுதிய மருந்துச்சீட்டை ஐந்து கிலோக்காரரிடம் நீட்டுவது வைத்தியம் ஆகாது.

அத்தையின் ஊர் கண்மாயையும் மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் பூமி. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டு மந்தைகள் இறங்கும். இரவில் வயலிலேயே கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். அதற்காக வயற்காரர் கீதாரிக்கு நெல்லோ பணமோ கொடுப்பார். அறுத்த தாளும் களையும் கருவேலங்காயும், அதாவது மனிதன் தின்ன முடியாத யாவும், ஆட்டின் வயிற்றில் உணவாக மாறுகின்றன. சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த வாழ்வின் கடுமை தெரியும். அதைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆடும் மீத்தேனை வெளிவிடுகிறது என்பதும் உண்மையே. ஆனால் அந்த ஆடு போனால் வயலில் அதன் இடத்துக்கு யூரியா மூட்டை வரும். அந்தக் கணக்கை யாரும் பர்கர் உறையின்மேல் அச்சிடுவதில்லை.

அப்படியானால் நம் ஊரில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? இல்லை. இங்கேதான் பழமை ஏக்கக்காரர்களோடும் எனக்குச் சண்டை. ஆட்டுக்கறி வாரம் ஒருநாள், அதுவும் கையில் காசிருந்தால். மற்ற நாட்களில் தட்டில் விழுவது பிராய்லர் கோழி. அது மேய்ந்து வளர்வதில்லை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்று ஆறு வாரத்தில் கடைக்கு வருகிறது. ஒரு கிலோ எடை கூட அதற்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தீவனம் வேண்டும். 2021ல் சோயாப் புண்ணாக்கின் விலை ஏறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது, கோழித் தீவனத்துக்காக. ஆக, நாம் உண்பது ஒரு பறவையின் உடல்வழியே சுற்றி வந்த சோயாவைத்தான்.

எதற்குப் பதிலாக என்ற அத்தையின் கேள்விக்கு என் விடை இதுதான்: ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்குப் பதிலாக அல்ல, வாரநாள் பிராய்லருக்குப் பதிலாக. பதிலாக என்ன? அதற்குச் சிங்கப்பூர் போகவேண்டாம். தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது, மீல் மேக்கர். ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயராகிவிட்ட பண்டம். எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் சோயா மாவை அழுத்திப் பொரித்தாற்போல் ஆக்கியது. காய்ந்த நிலையில் நூறு கிராமில் ஏறக்குறைய ஐம்பது கிராம் புரதம். அது தன்னை ஆடு என்றோ கோழி என்றோ சொல்லிக்கொள்வதில்லை.

*

பாவனை உணவு நமக்குப் புதிதும் அல்ல. பாசிப்பயற்றை அரைத்து வேகவைத்துச் செய்யும் சைவ ஈரல், வாழைக்காயில் மீன் வறுவல், பிஞ்சுப் பலாக்காயில் கறி என்று நம் சமையலறைகள் நெடுங்காலமாக நடித்திருக்கின்றன. கறி என்ற சொல்லே காய்க்கும் இறைச்சிக்கும் பொது. ஈழத்தவர்கள் இன்றும் மரக்கறி என்கிறார்கள். இதே மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் பலா காய்த்துத் தொங்குகிறது. ஆனால் பலாக்காயில் இருப்பது இறைச்சியின் நார் மட்டுமே. புரதம் நூறு கிராமில் இரண்டு மூன்று கிராம்தான். நாக்கை ஏமாற்றுவது வேறு, உடலுக்கு ஈடு செய்வது வேறு. நம் பாட்டிகளுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. பலாக்காய்க் கறி வைத்த நாளிலும் பருப்பு வைத்தார்கள்.

புதிய வணிகம் இந்த இரண்டையும் குழப்பிக் காசாக்குகிறது. பட்டாணியிலிருந்தோ சோயாவிலிருந்தோ பிரித்த புரதம், கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய், ஒட்டுவதற்கு ஒரு ரசாயனப் பசை, சில வகைகளில் இரத்த நிறத்துக்கு ஈஸ்ட்டில் வளர்த்த ஒரு புரதம். உப்பும் தாராளம்: பெயர்பெற்ற வகைகளின் ஒரு வட்டில் நானூறு மில்லிகிராமை ஒட்டி சோடியம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2020ல் வந்த ஓர் ஆய்வில் 36 பேர் எட்டு வாரம் இறைச்சியையும் எட்டு வாரம் மாற்றையும் உண்டார்கள். மாற்று உண்டபோது கெட்ட கொழுப்பும் எடையும் சற்றுக் குறைந்தன. மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வுக்கு நிதி தந்தது பியாண்ட் மீட் நிறுவனம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நாளும் இறைச்சி உண்பவருக்கு அது மேல் என்று கொள்ளலாம். சுண்டலைவிட மேல் என்று யாரும் நிறுவவில்லை.

இதே தலத்தோடு சேர்ந்த கதை ஒன்று உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்தார். பகலில் எல்லோரும் வியந்தார்கள். இரவில் லாயத்தில் ஊளைச் சத்தம் கேட்டது. பியாண்ட் மீட்டின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்குச் சந்தைக்கு வந்தது; ஜூலையில் 230 டாலரைத் தாண்டியது; 2025 அக்டோபரில் ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. நமக்குத் தெரிந்த ஊளைதான்.

*

இதில் நான் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21ல் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. தாவர உணவின் இரும்பைவிட இறைச்சியின் இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. நம் சத்துணவுத் தட்டில் முட்டை வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று என்பது தெரியும். சோயா விளைச்சலுக்குப் பேர்போன மத்தியப் பிரதேசத்தில் 2015ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதல்வரே நிராகரித்தார். 'தாவரப் புரதம் இருக்க முட்டை எதற்கு' என்ற வாக்கியம் சிங்கப்பூர் உணவகத்தில் ஒரு பொருள் தரும். அங்கன்வாடி வாசலில் வேறு பொருள் தரும். அங்கே அது ஆரோக்கியமும் அல்ல, சூழலியலும் அல்ல; பழைய தீட்டு புதிய சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

பிராய்லரைக் குறைப்போம், பயற்றையும் மீல் மேக்கரையும் அவற்றின் சொந்தப் பெயரிலேயே உண்போம். ஏழைக் குழந்தையின் முட்டையில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம்.

ஆவுடையார்கோவிலில் கருவறைக்கு முன் உள்ள கல்மேடையில் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொட்டுகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் உண்டு. எழும் ஆவியே நிவேதனம். ஆத்மநாதருக்கு ஆவி போதும். சோறு மனிதர்களுக்கு.