பொம்மை மேல் பழி போடாதீங்க!

இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் முறை. இரண்டு வருஷமாக மனசில் கிடந்த ஆதங்கம் எழுத வைத்துவிட்டது.

என் கணவரின் வேலை காரணமாக, 2012 முதல் ஆறு வருஷம் ஜப்பானில் சென்டாய் நகரில் குடியிருந்தோம். டோக்கியோவுக்கு வடக்கே, தொஹோகு என்கிற வடகிழக்குப் பகுதியில் இருக்கும் ஊர். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். பாஷை தெரியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எனக்குத் துணையாக வந்தவை, கொகேஷி என்ற மரப்பொம்மைகள்.

உருண்டைத் தலை, உருளை உடம்பு. கையும் கிடையாது, காலும் கிடையாது. கோடு போட்ட கண், ஒரு துளி வாய். 'இதைப் போய் காசு கொடுத்து வாங்குவாங்களா?' என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் நருகோ என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனோம். ஃபுருகவா வரை புல்லட் ரயில், அப்புறம் மலைக்குள் போகும் சின்ன ரயில். அங்கே ஒரு கடைசல் பட்டறையில் வயசான கைவினைஞர் ஒருவர் பொம்மை செய்துகொண்டிருந்தார். மிசுகி என்ற வெள்ளை மரத்தைப் பட்டை உரித்து, மாசக்கணக்கில் காயவைத்து, பிறகுதான் கடைசலுக்கு எடுப்பார்களாம். உடம்புப் பகுதி விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே, தலையை அதன் குழியில் வைத்து அழுத்தினார். சட்டென்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. பிறகு கழுத்தைத் திருகிக் காட்டினார். 'கீச், கீச்' என்று சத்தம்! கைக்குழந்தை சிணுங்குகிற மாதிரி இருக்கும் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். பதினைந்து வயசு மகள் அதை வாங்கித் திருகித் திருகி, ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மளிகைக் காசில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஊருக்கு ஊர் அடையாளம் வேறு. நருகோ பொம்மையின் உடம்பில் செவ்வந்திப் பூ இருக்கும். ஃபுகுஷிமா பக்கத்து த்சுசியு பொம்மைக்கு உச்சந்தலையில் வளையம் வளையமாகக் கறுப்புக் கோடு. அகிதா பக்கத்து கிஜியமா பொம்மை ஏப்ரன் கட்டிக்கொண்டு, இப்போதுதான் சமையல்கட்டிலிருந்து வந்தவள் மாதிரி நிற்கும். (எனக்கு ரொம்பப் பிடித்தது இவளைத்தான்!) அடியில் செய்தவர் தன் பெயரை எழுதியிருப்பார். அதைப் பார்த்துத்தான் வாங்குவேன். ஊர் திரும்பும்போது பதினான்கு பொம்மைகள் சேர்ந்திருந்தன. மதுரை வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரியில் வெயில் படாத பக்கமாக வைத்தேன். வெயில் பட்டால் சாயம் வெளுத்துவிடும்.

2023ல் என் மகளுக்கு ஐந்தாம் மாசத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டது. அவளை வீட்டுக்கு அழைத்து வந்து வைத்திருந்தேன். விசாரிக்க வந்த பெரிய நாத்தனார், அலமாரியைப் பார்த்துவிட்டு செல்போனில் ஏதோ வீடியோவைக் காட்டினார்.

"ஏம்மா, இது என்ன பொம்மைன்னு தெரிஞ்சுதான் வச்சிருக்கியா? பஞ்சத்துல கொன்னுபோட்ட பிள்ளைங்க நினைவா செஞ்சதாம். 'கோ'ன்னா குழந்தை, 'கெஷி'ன்னா அழிக்கிறதாம். இதை வீட்டுல வச்சுக்கிட்டா வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்?"

உள்ளே படுத்திருந்த மகள் காதில் விழாமல் இருந்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரியே பழைய புடவையில் பதினான்கையும் சுற்றி, பரணில் போட்டேன். கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனாலும், 'நான் ஆசைப்பட்டு வாங்கியதால்தானோ?' என்று எத்தனையோ நாள் தூக்கம் வரவில்லை.

பிறகு, சென்டாயில் பக்கத்து வீட்டில் இருந்த அம்மாளோடு போனில் பேசினேன். அங்கேயும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம்! அவர் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பஞ்சம் வந்தது நிஜம். 1780களிலும் 1830களிலும் அந்தப் பகுதியில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பிறந்த சிசுவைக் கொல்லும் கொடுமையும் நடந்தது. அதற்கு 'மபிகி' என்று பெயர். நெருக்கமாக முளைத்த நாற்றைப் பிடுங்கிக் கலைப்பதற்குச் சொல்லும் வார்த்தை அது. படித்தபோது வயிறு கலங்கியது. ஆனால், அதற்கும் இந்தப் பொம்மைக்கும் முடிச்சுப் போட பழைய ஆதாரம் எதுவும் இல்லை. 1960களுக்குப் பிறகுதான் இந்தக் கதை பரவியது.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஓர் ஊரில் 'கிபோகோ', இன்னொரு ஊரில் 'தெகோ', வேறோர் ஊரில் 'கினாகினா'. 1940ல் நருகோவில் கூடிய பொம்மை ஆர்வலர்கள்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'கொகேஷி' என்று ஒரே பெயராக வைத்தார்கள். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக 'அழிப்பது' என்று அர்த்தம் பண்ணினால் எப்படி? 'மாலை' என்றால் சாயங்காலம்தான் என்று சாதித்து, கல்யாணத்தில் சாயங்காலத்தைக் கழுத்தில் போட முடியுமா?

அந்தக் காலத்தில் அறுவடை முடிந்த விவசாயிகள் உடம்பு வலி தீர வெந்நீர் ஊற்றுக்கு வருவார்கள். திரும்பும்போது பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிப் போனதுதான் இந்தப் பொம்மை. சிவப்புச் சாயத்துக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். சிவப்பு நிறம் அம்மை வராமல் காக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாம். 'கினாகினா' இருக்கிறதே, அதில் சாயமே கிடையாது. வெறும் மரம். பல் முளைக்கும் குழந்தை வாயில் வைத்துச் சப்புவதற்குக் கொடுப்பார்கள். செத்த பிள்ளைக்காகச் செய்த பொம்மையை, பெற்ற பிள்ளை வாயில் எந்தத் தாயாவது வைப்பாளா?

தகரப் பொம்மையும் செல்லுலாய்டு பொம்மையும் வந்தபோது, பிள்ளைகள் இதை மறந்துவிட்டார்கள். பெரியவர்கள் ஆசையாகச் சேகரிக்கத் தொடங்கியதால்தான் இந்தத் தொழில் பிழைத்தது. சென்டாய்காரரான அமாயே தோமியா 1928லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அப்படிக் காப்பாற்றி வைத்ததைத்தான் நான் புடவையில் சுற்றிப் பரணில் போட்டிருந்தேன்.

எனக்கு நாத்தனார் மேல் கோபமில்லை. அவரும் மருமகள் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் படுத்திருக்கும் வீட்டில், காரணம் கண்டுபிடிக்க ஏன் இத்தனை அவசரம்? ஒரு நாள் பொம்மை, ஒரு நாள் கிரகணம், இன்னொரு நாள் அவள் சாப்பிட்ட பப்பாளி. கடைசியில் எல்லாம் சுற்றி வந்து பெண் தலையில்தானே விடிகிறது? வீடியோவில் வந்ததை அவள் காது கேட்கச் சொல்வதற்கு முன்னால், ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா தோழியரே?

போன மாசம் மகள் வந்தபோது, "அம்மா, அந்தக் கீச்சுப் பொம்மை எங்கேம்மா?" என்று அவளாகவே கேட்டாள். இருவருமாகப் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தோம். ஒன்றில் மட்டும் லேசாக விரிசல். நருகோ பொம்மையை அவள் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். மீதி பதின்மூன்றும் பழையபடி ஹாலில்தான் இருக்கின்றன.

நாத்தனார் வந்தால் மட்டும் இன்றைக்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். காபி குடிக்கும்போது நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்.