தையல் ஆலைக்குச் செல்லும் மகளுக்கு

சென்ற திங்கள் திருப்பதியில் நடந்த நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் அன்னையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். நகரியிலிருந்து வந்தவர், கணவர் விசைத்தறித் தொழிலாளி.

“ஐயா, பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பெங்களூரில் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவர் வந்து கேட்கிறார். விடுதி உண்டு, சாப்பாடு உண்டு என்கிறார். அனுப்பலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கக் கூடியதன்று அது. அவரைப் போன்ற பெற்றோர் நம்மிடையே பலர் இருத்தலின், இத்திங்கள் இப்பகுதியை அவருக்கு விடையாகவே எழுதுகிறேன்.

அம்மா, உழைத்துப் பொருளீட்டுவது பெண்ணுக்கு இழுக்கன்று. ஆயினும் அத்தொழிலின் இயல்பை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆலையில் ஒருவரே ஒரு சட்டையை முழுதும் தைப்பதில்லை. ஒருத்தி காலர் தைப்பாள். அடுத்தவள் கை மூட்டுவாள். மற்றொருத்தி பொத்தான் வைப்பாள். இவ்வரிசையை ‘லைன்’ என்பர். மணிக்கு இத்தனை உருப்படி என்று ‘டார்கெட்’ வைப்பர். குறைந்தால் சூப்பர்வைசரின் ஏச்சுத்தான். கழிவறைக்கு எழுந்தால் கணக்குக் குறையுமே என்று அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொள்ளும் பெண்களும் உண்டு.

சூப்பர்வைசர் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவரை மேலாளர் நெருக்குகிறார்; மேலாளரை ஏற்றுமதியாளர் நெருக்குகிறார்; ஏற்றுமதியாளரைக் கடல் கடந்த வாணிக நிறுவனம் நெருக்குகிறது. விலையையும் குறை, நாளையும் குறை என்று அங்கே எழும் சொல் படிப்படியாக இறங்கி, ஊசியின் முன் அமர்ந்திருப்பவள் தோளில் சுமையாகிறது. அவள் துன்பத்தை எடுத்துரைத்தாலோ, ‘ஆலை எங்களுடையதன்று’ என்று அந்நிறுவனம் ஒதுங்கிவிடும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், மறுநாள் தொழிலாளரை உள்ளே அனுப்பினர்.

இந்நிலை மாறாதோ என்று நீங்கள் கேட்கலாம். மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. உடன் உழைத்த பெண்கள் அஞ்சி அடங்கிவிடவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் தொழிலாளர் சங்கம் விடாது போராடியது. 2022 ஏப்ரலில் அச்சங்கமும் ஈஸ்ட்மன் நிறுவனமும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. பின்னர் கேப், பி.வி.எச். ஆகியனவும் இணைந்தன. தொழிலாளருள்ளேயே பயிற்சி பெற்ற பெண்கள், தொல்லை நேர்ந்தால் எடுத்துச் சொல்லும் பொறுப்பேற்றனர். வாங்குபவரும் பொறுப்பாளியே என்பதை ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் பெற்றதே இதன் சிறப்பு.

பெங்களூரின் செய்தியும் கேளுங்கள். வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்கலாகாது என்று நடுவண் அரசு 2016 பிப்ரவரியில் விதி செய்தது. ஏப்ரல் 18, 19 நாள்களில் ஆடைத் தொழிற்பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். தடியடியும் நடந்தது, வண்டிகளும் எரிந்தன. 19-ஆம் நாளே அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் மருத்துவத்திற்கும் அவர்கள் நம்பியிருந்த சேமிப்பு அது.

ஆகவே அம்மா, அனுப்புவதாயின் அறிந்து அனுப்புங்கள். மூன்றாண்டு முடிந்தால் திருமணத்திற்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் எத்தனையோ பெண்கள் அவ்வாறு ஏமாந்தனர். பணி நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றி முறையிட உள்ளகக் குழு இருத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அக்குழுவில் இருப்போர் யாவர் என்று மகள் முதல் வாரத்திலேயே கேட்டறியட்டும்.

நாமோ தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர். அவள் செல்வதோ கன்னட நாடு. படிக்கத் தெரியாத மொழியில் நீட்டும் தாளில் அவள் கையெழுத்திட வேண்டாம். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கட்டும். விளங்காத தாள் எதுவாயினும் படியெடுத்துச் சங்கத்திற்கு அனுப்புங்கள். மும்மொழியும் அறிந்தோர் நம்மிடையே உள்ளனர்.

மற்ற அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் எவளேனும் இத்தகைய ஆலைகளில் பணிபுரிந்தவளாயின், இந்த அன்னையாரின் மகளுக்கு அவள் இரண்டு வரி எழுதட்டும். உள்ளே இருந்து பார்த்தவள் சொல்லும் சொல், நான் எழுதிய இத்தனை வரிகளினும் அப்பெண்ணுக்குப் பயன்படும்.