கம்பெனிக்கு ஓராண்டு, கடைக்காரருக்குப் பதினைந்து நாள்

2020 மே 21 அன்று, டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரடங்கினால் கடை மூடிக் கிடந்தாலும், ஒப்பந்தத்தில் அதற்கென விதி இல்லையெனில், கடையைக் கையில் வைத்திருக்க விரும்புபவர் வாடகை செலுத்தியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். செலுத்த வேண்டிய தேதியில் மட்டும் சிறு தளர்வு கிடைத்தது.

பதினைந்தே நாட்களில், ஜூன் 5 அன்று, மோடி அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மார்ச் 25 முதல் கடன் தவணை தவறிய கம்பெனிகள் மீது ஆறு மாதங்களுக்குத் திவால் நடவடிக்கை தொடுக்க முடியாது. இச்சலுகை பின்னர் ஓராண்டாக நீட்டிக்கப்பட்டது. அக்காலத்தில் நேர்ந்த தவறுதலுக்காக எக்காலத்திலும் அந்நடவடிக்கை கூடாது என்றும் எழுதி வைத்தார்கள்.

கடன் தள்ளுபடியாகவில்லைதான். ஆனால், வருமானம் நின்றுபோன காலத்துப் பாக்கிக்காகத் தொழிலையே பறிக்கலாகாது என்ற கோட்பாட்டை அரசு ஏற்றுக்கொண்டது. சரியான கோட்பாடு. அது ஏன் தையற்கடையின் வாசலில் நின்றுவிட்டது? தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு மாத வாடகை கேட்கக் கூடாதென மார்ச் 29 அன்று உத்தரவிட்ட உள்துறை அமைச்சகம், கடை வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சட்டத்தின் ஓரவஞ்சனை புதிதன்று. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மாத வாடகைக் கடையைக் காலி செய்யச் சொல்லப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். பாக்கிக்காகக் குத்தகை ரத்தாகும் வழக்கில், பாக்கி, வட்டி, வழக்குச் செலவு அனைத்தையும் செலுத்துபவரை நீதிமன்றம் வெளியேற்றாமல் ‘விடலாம்’. ‘விட வேண்டும்’ என்று சட்டம் சொல்லவில்லை. 1958 ஆம் ஆண்டின் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனினும் மேலானது: ஆணையிட்ட ஒரு மாதத்திற்குள் பாக்கியைச் செலுத்துபவரை முதல் முறை வெளியேற்ற முடியாது. ஆனால் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய இடங்களுக்கு அப்பாதுகாப்பை மறுத்தது. இன்று டெல்லியில் புதிதாக எடுக்கும் எந்தக் கடை இந்த வரம்புக்குள் அடங்கும்?

2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் கயிற்றை மேலும் இறுக்குகிறது. கடைக்கு ஆறு மாத வாடகை வரை முன்பணம் வாங்கலாம். தொடர்ந்து இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸுக்குப் பின் ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிட்டால் வெளியேற்றக் கோரலாம். அதாவது, ஆறு மாத வாடகையைக் கையில் வைத்திருப்பவர், இரண்டு மாத பாக்கிக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பூட்டலாம்! வாடகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும், பின்னர் நான்கு மடங்கும் செலுத்த வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தின் கதவும் அடைக்கப்படுகிறது.

ஒற்றைக் கடை வாடகையில் வாழும் முதியவர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவருக்குத் தேவை பணம். முன்பணத்தில் கழித்தும், தவணை முறையில் வசூலித்தும் அதைப் பெற முடியும். வெளியேற்றம் பாக்கியில் ஒரு ரூபாயையும் தருவதில்லை. கூடுதல் வாடகைக்கு அடுத்தவரை அமர்த்தவே அது உதவுகிறது. கான் மார்க்கெட்டில் 1975 இல் 300 ரூபாய் வாடகைக்கு எடுத்த கடையை வைத்திருந்தவருக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் அவருக்குச் சொன்ன விதியே தெருமுனைத் தேநீர்க்கடைக்கும் சொல்லப்படுகிறது.

கடைக்காரர் பாட்டாளி அல்லரே என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வாடகைதாரருக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள உறவு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவன்று என்பதை எங்கெல்ஸ் 1872 இலேயே தெளிவுபடுத்தினார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடை பூட்டப்படும் நாளில் அங்கு வேலை செய்யும் இருவரும் தெருவுக்கு வருகிறார்கள். பெருமுதலாளித்துவத்திற்கு எதிரான அணியில் சிறு வணிகரை நாம் சேர்க்காவிட்டால், வகுப்புவாதிகள் சேர்த்துக்கொள்வார்கள்.

போராட்டம் பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. 1995 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டெல்லி வாடகைச் சட்டம், வணிகர்களின் எதிர்ப்பினால் நடைமுறைக்கே வரவில்லை. அன்று தடுத்தார்கள், இன்று பெற வேண்டும். முன்பணம் தீரும்வரை பாக்கிக்காக வெளியேற்றக் கூடாது. பாக்கியைத் தவணையில் செலுத்துவது நீதிமன்றத்தின் கருணையாக இல்லாமல் சட்ட உரிமையாக வேண்டும். வாடகைக்கு ரசீது கட்டாயமாக வேண்டும். அரசு உத்தரவினால் கடை மூடப்பட்ட காலத்துப் பாக்கிக்குக் கம்பெனிகள் பெற்ற அதே பாதுகாப்பு வேண்டும். இக்கோரிக்கைகளைக் கடைவீதிகளுக்கு எடுத்துச் செல்வது நம் கடமை.