கட்டாயம் என்ற பொய்

ஜெர்மானிய இரும்பு முதலாளி ஃபிரீட்ரிக் ஃப்ளிக் காலத்தின் கட்டாயத்துக்கு ஆட்பட்டவர், ஹிட்லர் ஆட்சியில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று சென்ற இதழில் ஒருவர் வாதாடியிருந்தார். பதில் நியூரம்பெர்க் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வக்காலத்து வாங்குவது அநியாயம்.

கட்டாயம் என்பது 1947இல் ஃப்ளிக்கின் வழக்கறிஞர்கள் வைத்த வாதம். அமெரிக்க நீதிபதிகள் அதைப் பெருமளவு ஏற்கவும் செய்தார்கள். ஆட்களைப் பிடித்து ஒதுக்கியது அரசு, மறுத்தால் ஆபத்து என்று சொல்லி, அவருடைய பெரும்பாலான ஆலைகளில் நடந்த அடிமை உழைப்புக்கு அவரைப் பொறுப்பாக்காமல் விட்டார்கள். இவ்வளவு தாராளம் காட்டியவர்களாலும் ஓரிடத்தைத் தாண்ட முடியவில்லை. லிங்கே-ஹோஃப்மன் ஆலையில் சரக்கு ரயில் பெட்டிகள் செய்தார்கள். உற்பத்தி ஒதுக்கீட்டை உயர்த்தித் தரச்சொல்லி முயன்றது ஃப்ளிக் நிறுவனம். கூடுதல் வேலைக்கு ரஷ்யப் போர்க்கைதிகளைப் பெற முனைந்ததும் அதுவே. முன்னின்று செய்தவர் ஃப்ளிக்கின் உறவினரான பெர்ன்ஹார்ட் வைஸ். ஃப்ளிக்குக்குத் தெரிந்தே, அவர் ஒப்புதலோடே நடந்தது. இங்கே எவர் கட்டாயப்படுத்தினார்? ஹிம்லரைச் சுற்றியிருந்த நண்பர் குழு வழியாக எஸ்.எஸ். படைக்கு ஆண்டுதோறும் 1,00,000 ரைஹ்ஸ்மார்க் போனதற்கும் சேர்த்துத்தான் அவருக்கு ஏழாண்டு சிறை விதித்தார்கள்.

1932இல் கெல்சன்கிர்ஹன் சுரங்க நிறுவனப் பங்குகளை, சந்தை விலையைப் போல் பல மடங்குக்கு அரசின் தலையில் கட்டியவர் ஃப்ளிக். அதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிற கட்டுரையாளர், அடுத்த ஆண்டே அதே மனிதர் திடீரென்று கையறு நிலைக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறார். எப்படி நம்புவது?

தண்டனையை அனுபவித்துவிட்டாரே என்கிறார். முழுதும் அனுபவிக்கவில்லை; 1950இலேயே வெளியே வந்துவிட்டார். நிலக்கரிச் சொத்துகளை விற்ற பணத்தில் டைம்லர்-பென்ஸ் பங்குகளை வாங்கிக் குவித்து, மேற்கு ஜெர்மனியின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். டைனமிட் நோபல் நிறுவனமும் அவர் வசமானது. போர்க்காலத்தில் அதன் வெடிமருந்து ஆலைகளில் யூதப் பெண்களைக் கசக்கிப் பிழிந்திருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் 1960களில் இழப்பீடு கேட்டார்கள். க்ரூப் நிறுவனமே 1959இல் ஒரு கோடி மார்க் வரை கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. ஃப்ளிக் ஒரு காசு தரவில்லை. 1972இல் இறக்கும்வரை தரவில்லை. ஹிட்லர் செத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பெண்களுக்குக் கொடுக்கவிடாமல் இவர் கையை யார் பிடித்தார்கள்? குழுமத்தை டாய்ச்ச வங்கி வாங்கிய பிறகு, 1986இல்தான் 50 லட்சம் மார்க் கிடைத்தது. அதற்குள் எத்தனை பேர் காத்திருந்தே கண்ணை மூடியிருப்பார்கள்!

சொந்த ஊர் அவரை இன்றும் கொண்டாடுகிறது என்ற வரியும் தவறு. கிராய்ட்சால் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர் இருந்தது உண்மை. நீண்ட விவாதத்துக்குப் பின் 2008இல் அந்த ஊர்க்காரர்களே அதை எடுத்துவிட்டார்கள்.