தராசு கோணல், மூட்டை மட்டும் ஆயிரம்

மனநோய்களின் மரபணு பற்றித் திண்டிவனத்தில் பேசிய அன்பர் அதைக் கட்டுரையாகவும் அச்சேற்றிவிட்டார். கைதட்டலில் மறைந்த ஓட்டைகள் அச்சில் பளிச்சென்று தெரிவதால் அவருக்கு நன்றி. ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் நோயறிதல் பிழை தானே கரைந்துவிடும் என்பது அவருடைய மூலமந்திரம். தாறுமாறாக நேரும் பிழை கரையும், சரி. ஒரே பக்கம் சாயும் பிழை? கோணல் தராசில் மூட்டையைக் கூட்டினால் எடை நேராகும் என்று விழுப்புரம் விற்பனைக் கமிட்டிக்கு நெல் கொண்டுவந்தவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். பிரிட்டனின் உயிர்வங்கியில் லட்சக்கணக்கானோர் இருந்தும், ஓரிரு மேலோட்டமான கேள்விகளால் மனச்சோர்வு நோயாளியாக்கப்பட்டவர்களிடம் கிடைத்த மரபணுக் குறிகள் பெரும்பாலும் அந்நோய்க்கே உரியவையல்ல என்று 2020இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்ததை அவர் படிக்கவில்லையா, படித்து மறந்தாரா?

சிறிய ஆய்வுகளின் கதையும் அவருக்கு உதவாது. அமெரிக்க ஆமிஷ் குடும்பங்களில் இருமுனை நோயின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1987இல் 'நேச்சர்' அறிவித்தது. நோயற்றவர் என்று குறித்திருந்த இருவருக்குப் பின்னர் நோய் வந்தது, குடும்பத்தின் புதிய கிளையொன்றும் சேர்ந்தது. 1989இல் அதே இதழிலேயே அந்த முடிவு சரிந்தது. தமிழ்நாட்டுச் சான்றாக அன்பர் நீட்டுபவை இரண்டு: மனச்சிதைவுக்கு 2009இல் 1ஆம் குரோமோசோமைக் காட்டிய ஆய்வு, 2019இல் 8ஆம் குரோமோசோமைக் காட்டிய ஆய்வு. ஒன்று மற்றதை உறுதிப்படுத்தவில்லை என்பதுகூடத் தெரியாமல் இரண்டையும் ஒரே மூச்சில் வெற்றியாக அடுக்கும் துணிச்சலை என்னென்பது?

ஆனால் உச்சம் இதுதான்: அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் குடும்பங்கள் மரபணு வேட்டைக்குப் பொக்கிஷமாம். செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கும் வில்சன் நோய், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தாக்கும். ஆகவே நெருங்கிய உறவுத் திருமணத்தில் அதன் வாய்ப்பு கூடுகிறது. சிலரிடம் அது முதலில் பிதற்றலாகவும் சந்தேகமாகவும் தலைகாட்டி, மனச்சிதைவு என்ற முத்திரை வாங்கிவிடுகிறது. இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, கண்மருத்துவர் விழியோரத்துச் செம்பு வளையத்தைத் தேடியிருந்தால் பிடிபட்டிருக்கும்; மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது. அப்படி முத்திரை வாங்கியவரை அப்படியே ஆய்வில் சேர்த்தால் கிடைப்பது மனச்சிதைவின் மரபணுவா, செம்பின் மரபணுவா? பொக்கிஷம் என்று அவர் காட்டும் இடமே பிழை மண்டும் இடம் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை.

உறைக்காமல் இருப்பதில் லாபமும் உண்டு போலும். கட்டுரையின் கடைசிப் பத்தி, வீட்டிலிருந்தபடியே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்களை மூடர்கள் என்று ஏசியவர் இவர்தான். அங்கே பூசாரியாவது ஆளை எதிரில் உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசுகிறார். இவருக்கு எச்சில் நிரப்பிய குப்பி தபாலில் வந்தால் போதும்.